புதுக் கோழியைக் கொத்தித் துரத்தும் பழைய கோழிகள்: என்ன செய்யலாம்?

கேள்வி: பென்னாகரம் அருகே வீட்டுக் கொல்லையில் ஆறு சிறுவிடைப் பெட்டைகளை இரண்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். சென்ற வாரம் சந்தையில் இரண்டு இளம்பெட்டைகளை வாங்கி, அன்றைக்கே கூண்டில் விட்டேன். பழையவை அவற்றைத் தீனிக்கு அண்ட விடுவதில்லை. ஒன்றுக்குப் பின்னந்தலையில் இறகு உதிர்ந்து இரத்தம் கசிகிறது. பகலெல்லாம் விறகு அடுக்கின் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. பழைய கோழிகளின் மூக்கை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டவே வேண்டாம். அலகின் நுனியில் நரம்புகள் உண்டு. வெட்டினால் வலிப்பதோடு, மேய்ந்து பூச்சி பொறுக்கும் கோழிக்கு அதன் பிழைப்பே கெடும்.

தீனியை யார் முதலில் தொடுவது, பரணில் யார் எங்கே அடைவது என்பதற்குக் கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே இந்தக் கொத்து வரிசையை 1921இல் முறையாக விவரித்தார். கோழிகள் முகத்தையும் கொண்டையையும் வைத்தே ஒன்றையொன்று அடையாளம் காண்பதால், முன்பின் பாராத இரண்டு முகங்கள் திடீரெனக் கூண்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கூட்டத்தில் அந்த வரிசை குலைந்துவிட்டது. தலையில் ஒரு கொத்து, நாலடி துரத்தல் என்பதோடு நின்றால் நாம் குறுக்கிடத் தேவையில்லை. ஆனால் இரத்தம் தெரிந்துவிட்டால், அந்தச் சிவப்பைப் பார்த்து, அதுவரை சும்மா இருந்த கோழியும் வந்து கொத்தும். இரண்டே நாளில் உயிர் போன கோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றைக்கே காயத்தை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவுங்கள். சிவப்பு மறையும், ஈயும் மொய்க்காது. அந்தக் கோழியைத் தனியே வீட்டுக்குள் வைத்துவிடாதீர்கள். கண்ணில் படாமல் நாள்கள் கழிந்தால் மறுபடியும் அந்நியமாகிவிடும். இளம்பெட்டைகள் இரண்டையும் சேர்த்தே, மற்றவை பார்க்கும்படி கொல்லையிலேயே பெரிய பஞ்சாரத்தின் கீழ்க் கவிழ்த்து, உள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள்.

அடுத்து, ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து கவனியுங்கள். பெரும்பாலும் ஆறும் கொத்துவதில்லை. ஒன்றோ இரண்டோதான் தேடிப் போய்க் கொத்தும். அதைப் பிடித்து, மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான்கைந்து நாள் அடைத்து வையுங்கள். திரும்பி வரும்போது தன் இடத்தை மீண்டும் பிடிக்க வேண்டியிருப்பதால் அதன் கொட்டம் பெரும்பாலும் அடங்கும்.

தீனியையும் பாருங்கள். நம் தருமபுரிப் பக்கம் கேழ்வரகையும் மிஞ்சிய சோற்றையும் போட்டே வளர்க்கிறோம். கேழ்வரகில் புரதம் சுமார் 7 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 சதவீதம் அளவுக்காவது தேவை. இந்தக் குறை நீடித்தால் இறகைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் வரும். பூசணம் பிடிக்காத கடலைப் புண்ணாக்கு, கரையான், நீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி ஆகியவற்றுள் கிடைப்பதைச் சேருங்கள்.

காயம் காய்ந்து தோல் மூடிய பிறகு, இருட்டியதும் இரண்டையும் பரணில் பழையவற்றின் நடுவே ஏற்றிவிடுங்கள். விடிந்ததும் தள்ளித் தள்ளி மூன்று நான்கு இடங்களில் தீனியும் தண்ணீரும் இருக்கட்டும். அப்போதுதான் விரட்டப்பட்ட கோழி வேறு இடத்திலாவது வயிறு நிறைக்கும். விறகு அடுக்கை அகற்ற வேண்டாம், அது அவற்றுக்கு நல்ல மறைவு. ஆனால் முட்டுச்சந்தாக இல்லாமல் இருபுறமும் வழி விடுங்கள்.

சந்தைக் கோழியை வந்த அன்றே கலந்ததால் வெள்ளைக் கழிச்சல் என்னும் தொற்றுநோய் பரவும் அபாயமும் இருக்கிறது. எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து கோழி சோர்ந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இனி வாங்குபவற்றை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.