புதுப் பூனை வந்திருக்கிறது, பழைய பூனை சீறுகிறது: மும்பைத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

மழை ஆரம்பித்ததும் படிக்கட்டிலும் கார் பானெட்டுக்குள்ளும் பூனைக்குட்டிகள் வந்து ஒதுங்கும். இரக்கப்பட்டு எடுத்து வந்தவர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனையோடு அதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். செம்பூரில் தெருப்பூனைகளை மீட்டு, கருத்தடை செய்து, வீடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை. மருந்து கேட்டால் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

மாட்டுங்கா: வீட்டில் இரண்டு பெரிய பூனைகள். படிக்கட்டில் கிடந்த குட்டியை நேற்று எடுத்து வந்தேன். எப்படி அறிமுகம் செய்வது அக்கா?

இன்றைக்கு அறிமுகமே வேண்டாம். குட்டியைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள், குறைந்தது இரண்டு வாரம். தெருவில் இருந்து வரும் குட்டியிடம் நான் முதலில் பயப்படுவது பூனைப் பார்வோவுக்கு, அதாவது பான்லுகோபீனியாவுக்கு. பார்க்க நன்றாக இருக்கும் குட்டி சில நாளில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். ஃபினைல் அதைக் கொல்லாது, ஆனால் பூனையைக் கொல்லும். ஃபினைலில் இருக்கும் ஃபீனாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். தரையை சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரால் அலசுங்கள். ப்ளீச்சோடு ஆசிடையோ வேறு எதையுமோ கலக்காதீர்கள்.

இந்த இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டி, குடற்புழு மருந்து, தடுப்பூசி, எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை லுகேமியா வைரஸ்) ரத்தப் பரிசோதனை எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பூனைகளுக்குத் தடுப்பூசி பாக்கி இருந்தால் அதையும் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு எஃப்ஐவி பாசிட்டிவ் என்று வந்தால் பயப்பட வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளாக இருக்கலாம், ஆறு மாதம் ஆன பிறகு மறுபடி பாருங்கள்.

குட்டிக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாசனை. பூனைக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். கன்னத்திலும் தாடையிலும் இருக்கும் சுரப்பிகளை உரசித்தான் 'இது என் இடம், இது எனக்குத் தெரிந்தது' என்று அது குறித்துக்கொள்கிறது. பழைய பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்தத் துணியைப் பெரிய பூனைகள் சாப்பிடும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அவற்றின் துணி குட்டியிடம் போகட்டும். முகர்ந்துவிட்டுச் சீறினால் பரவாயில்லை. முகர்ந்துவிட்டுச் சாப்பிடப் போனால் துணியைச் சாப்பாட்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள்.

அடுத்தது கதவு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் ஒரு கிண்ணம், முதலில் நாலைந்து அடி தள்ளி. இரண்டு பக்கமும் நிம்மதியாகச் சாப்பிட்டால் தினமும் கொஞ்சம் கிட்டே நகர்த்துங்கள். நடுநடுவே இடம் மாற்றுங்கள். குட்டி வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும், பெரியவை குட்டியின் அறையை முகரட்டும். அதற்குப் பிறகுதான் பார்வை, கொசுவலைக் கதவு இருந்தால் அது வழியாக. கடைசியாகத்தான் நேரில், விளையாட்டுக் குச்சி ஆடிக்கொண்டிருக்கும்போது, ஐந்து நிமிஷம். எல்லாம் நன்றாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், சண்டை வரும் வரை காத்திருக்காதீர்கள்.

தாராவி: எங்களுக்கு ஒரே ரூம்தான் அக்கா. தனி அறைக்கு எங்கே போவது?

நல்ல கேள்வி. மும்பையில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. மோரியில், அதாவது குளிக்கவும் கழுவவும் ஒதுக்கிய மூலையில், கட்டி வைக்காதீர்கள். ஈரம், எல்லோரும் புழங்கும் இடம். நாய்க்கு விற்கும் பெரிய கம்பிக் கூண்டு ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். தரையில் வேண்டாம். மேசை மேலேயோ டிரங்குப் பெட்டி மேலேயோ ஆடாமல் வைத்து, மூன்று பக்கமும் மேலேயும் பெட்ஷீட் போர்த்துங்கள். தரையில் வைத்தால் பழைய பூனை சுற்றிச் சுற்றி வந்து மிரட்டும், உள்ளே இருப்பது ஓட முடியாமல் நடுங்கும். உள்ளே ஒரு மூலையில் லிட்டர் தட்டு (மலம், சிறுநீர் கழிக்க மணல் போட்ட தட்டு), எதிர் மூலையில் சாப்பாடு, நடுவில் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி. மாலா, அதாவது மேல்தட்டுப் பரண், இருந்தால் பழைய பூனையை மேலே ஏற்றி அடைத்துவிட்டு, புதியதைத் தினம் இரண்டு மூன்று முறை வெளியே விடுங்கள். வாசனையும் தானாகவே மாறும்.

ஒரே அறையில் நோய்த் தடுப்பு முழுசாக நடக்காது. அதனால் பழைய பூனைக்குத் தடுப்பூசி போட்டுச் சில வாரம் ஆனபிறகு புதியதைக் கொண்டுவருவதுதான் சரி. அதுவரை யாராவது வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். தரைக்கு ஃபினைல் வேண்டாம்.

முலுண்ட்: எத்தனை நாளில் பழகும்?

குட்டியென்றால் சில வாரம். வளர்ந்த பூனையென்றால் ஒன்றிரண்டு மாதம், சிலதுக்கு அதற்கு மேலும். நாளை எண்ணாதீர்கள், நடத்தையைப் பாருங்கள். சீறல் என்பது 'தள்ளி நில்' என்ற எச்சரிக்கைதான். கண் இமைக்காமல் முறைப்பது, பதுங்கிப் பின்தொடர்வது, லிட்டர் பாக்ஸுக்குப் போகும் வழியை மறித்துப் படுப்பது, இவைதான் கவலைக்குரியவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

சயான் கோலிவாடா: இதெல்லாம் தேவையா? மீன் மார்க்கெட்டில் பத்துப் பூனை ஒன்றாகத்தானே திரிகிறது. விட்டால் தானாகப் பழகிவிடும்.

அந்தப் பத்துப் பூனையும் யார் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் தாய், மகள்கள், அக்கா தங்கைகள். ஒரே குடும்பத்துப் பெட்டைகள் சேர்ந்து குட்டிகளை வளர்க்கும். வெளியிலிருந்து ஒரு பூனை வந்தால் விரட்டும். அது ஓரமாகவே வெகுநாள் திரியும், சில நேரம் சேர்த்துக்கொள்ளும், பல நேரம் போய்விடும். போய்விட அதற்கு இடம் இருக்கிறது, கூரை, சந்து, அடுத்த கடை. உங்கள் ஃபிளாட்டில் அது எங்கே போகும்?

அதே நபர்: எங்கள் ஆச்சி வீட்டில் திருநெல்வேலியில் எத்தனையோ பூனை வந்து போகும். யாரும் துணியெல்லாம் தடவவில்லை.

"வந்து போகும்" என்று நீங்களே சொல்கிறீர்கள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. பிடிக்காத பூனை போனது, யாரும் கணக்கு வைக்கவில்லை. மூடிய வீட்டில் அந்தக் கதவை அடைத்தது நாம்தான், அதனால் பழக்கிவைக்கும் பொறுப்பும் நமக்குத்தான்.

பாண்டூப்: நான் நேராகத்தான் விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே.

உங்களுடையது குட்டி என்று முன்பு எழுதியிருந்தீர்கள். குட்டியைப் பல பூனைகள் பொறுத்துக்கொள்ளும். நான்கு வயசுக் கடுவனையும் அப்படி விடலாம் என்று இதைப் படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. நான் தத்துக் கொடுத்த பூனைகள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் முதல் நாள் நடந்த சண்டைதான். ஆழக் கடித்தால் எஃப்ஐவி அந்தக் கடி வழியாகவே பரவும். இதை விவாதமாக வளர்க்க எனக்கு விருப்பமில்லை, கேட்க இன்னும் பலர் இருக்கிறார்கள்.

டோம்பிவிலி: எத்தனை நாள் ஆகும் மேடம்?

முலுண்ட் பதிலைப் படியுங்கள்.

வடாலா: புதுப் பூனையைக் கதவிடுக்கில் பார்த்ததிலிருந்து என் பழைய பூனைகள் இரண்டும் ஒன்றையொன்று அடிக்கின்றன. ஏழு வருஷமாக ஒன்றாகத் தூங்கியவை!

புதியதின் மேல் வந்த கோபத்தை, எட்டாததால், பக்கத்தில் இருப்பதன் மேல் காட்டுகின்றன. அப்போது நடுவில் கை விடாதீர்கள், அட்டையோ தலையணையோ நுழைத்து மறையுங்கள். இரண்டையும் வேறு வேறு இடத்தில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். சில பூனைக்கு இது தணிய ஓரிரு நாள் ஆகும். தணிந்தபின் சாப்பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். புதுப் பூனையை இவை பார்க்காதபடி இடுக்கை முழுக்க அடையுங்கள். மறுபடி வாசனையிலிருந்து.

செம்பூர்: கடுவனுக்குக் கருத்தடை செய்தாயிற்று. உடனே பெட்டையோடு விடலாமா?

பெட்டைக்கும் கருத்தடை ஆகியிருந்தால், மேலே சொன்ன வரிசைப்படி விடலாம். ஆகவில்லையென்றால் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் அவனால் குட்டி உண்டாக்க முடியும். சுவரில் சிறுநீர் அடிக்கும் பழக்கமும் ஹார்மோன் குறையக் குறையத்தான் நிற்கும். அடித்த இடத்தை ஃபினைலால் துடைக்காதீர்கள், மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

நெருல்: குட்டிக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் கால் மாத்திரை?

கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம், கால் மாத்திரையே கொல்லும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் பரேல் பெட்டிட் விலங்கு மருத்துவமனை.

காட்கோபர்: சொசைட்டி செகரட்டரி பூனையை வெளியே விடச் சொல்கிறார்.

சொசைட்டி விதிகள் என் துறை இல்லை, வக்கீலைக் கேளுங்கள். வளர்க்கும் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

தானே: எத்தனை லிட்டர் பாக்ஸ்? எத்தனை நாள்?

பூனைகளைவிட ஒன்று அதிகம், ஒரே மூலையில் வரிசையாக வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

மாஹிம்: சண்டையைப் பிரிக்கும்போது புதியது கையைக் கடித்துவிட்டது. லேசாக ரத்தம். மஞ்சள் வைத்திருக்கிறேன்.

மஞ்சளைக் கழுவுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம். கட்டுப் போடாதீர்கள். இன்றே சயான் மருத்துவமனைக்கோ, பக்கத்து மாநகராட்சி மருத்துவமனைக்கோ போங்கள். தெருப்பூனை, ரத்தம் வந்த கடி என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசியும் தேவைப்படும். தடுப்பூசியைத் தோலில் போட்டால் 0, 3, 7, 28-ஆம் நாட்கள் (முதல் ஊசி போடும் நாள்தான் 0), ஒன்றைக்கூடத் தவற விடாதீர்கள். பூனைக் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும், அதையும் காட்டுங்கள். புதியதைத் தனியாக அடைத்து வையுங்கள், வெளியே விட்டுவிடாதீர்கள், பத்து நாள் கவனிக்க வேண்டும். அறிமுகத்தைப் பற்றி ஊசி போட்டுக்கொண்டு வந்து கேளுங்கள், சொல்கிறேன்.