கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களுக்கு எந்த மாதிரியான பயிற்சி உண்மையில் உதவும்?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகள் நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்து, அடுத்த செமஸ்டரில் முழுக்க ஆன்லைனில் ஒரு பாடம் எடுக்கப் போகிறார். கல்லூரி அனுப்பிய பயிற்சிப் பட்டியல் நீளமாக இருக்கிறது, எதற்குப் போவது என்கிறார். நான் அப்படியொரு கல்லூரியில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். ஆசிரியர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய ஆன்லைன் பாடங்களைச் சீர்செய்வதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பணம். பயிற்சிக்குச் செலவிடும் மணிநேரத்துக்குக் கல்லூரி சம்பளம் தருகிறதா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பகுதிநேரக்காரர்கள். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். பலர் இரண்டு மூன்று கல்லூரிகளில் வகுப்பெடுத்துத்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஜூமில் சம்பளமில்லாத பயிற்சி வைத்துவிட்டு, யாரும் வரவில்லை, ஆர்வம் இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை. ஆர்வம் நிறைய இருக்கிறது, நேரத்துக்குத்தான் யாரும் விலை கொடுப்பதில்லை.

இதில் அடிபடுவது மாணவர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையத்தில் டி ஷு, ஷானா ஜாகர்ஸ் இருவரும் வாஷிங்டன் மாநிலத்தில் 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் எடுத்த சுமார் 5 லட்சம் பாடப் பதிவுகளை அலசினார்கள். ஆன்லைன் பாடங்களைக் கடைசிவரை முடிப்பதும் மதிப்பெண்ணும் நேரடி வகுப்பைவிடக் குறைவாகவே இருந்தன. ஆண்கள், கறுப்பின மாணவர்கள், ஏற்கெனவே மதிப்பெண் குறைவாக இருந்தவர்கள் ஆகியோரிடம் இடைவெளி இன்னும் அதிகம். கம்யூனிட்டி காலேஜ் இருப்பதே இவர்களைப் போன்றவர்களுக்கும் கதவைத் திறந்து வைக்கத்தானே?

சரி, எந்தப் பயிற்சிக்குப் போவது? ஆன்லைன் பாடம் நடத்தும் கேன்வாஸ் தளத்தில் எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம், உதவி வீடியோக்களே போதும். ஆசிரியர் திரைக்குப் பின்னால் மறைந்துவிடாமல் மாணவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது எப்படி என்று சொல்லித் தரும் பயிற்சியைத் தேடுங்கள். இது சட்டத்திலும் இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசு விதிப்படி, தொலைநிலைப் பாடத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே சீரான, பொருளுள்ள உரையாடல் இருந்தாக வேண்டும். நேரடியாகக் கற்பிப்பது, செய்த வேலைக்குக் கருத்துச் சொல்வது, பாடம் பற்றிய கேள்விக்குப் பதில் தருவது, குழு விவாதத்தை நடத்துவது போன்றவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். யார் பின்தங்குகிறார் என்று கவனித்து, தேவைப்படும்போது அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே அணுக வேண்டும். இதெல்லாம் இல்லாத பாடத்தை அஞ்சல்வழிப் பாடமாகக் கருதலாம். அப்படிப்பட்ட பாடங்கள் பாதியைத் தாண்டினால் கல்லூரி மத்திய அரசின் மாணவர் உதவித்தொகைத் தகுதியையே இழக்க நேரிடும்.

ஆனால் விதியைப் படித்துக் காட்டும் பயிற்சியால் எதுவும் மாறுவதில்லை. ஆசிரியர் தன் சொந்தப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாவது வாரமாகியும் உள்ளே வராத மாணவருக்கு இன்றே என்ன எழுதலாம், 'நன்று' என்று மட்டும் போடும் இடத்தில் வேறு என்ன சொல்லலாம் என்று சக ஆசிரியரோடு பேசும்போதுதான் மாறுகிறது. இந்த வகையில் எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவின் ஏற்பாடு. அங்கே சக ஆசிரியர்களே ஒரு பொதுவான அளவுகோலை வைத்து ஒருவர் பாடத்தை ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்கள். பயிற்சிகளும் ஆன்லைனிலேயே நடப்பதால், உள்நுழைந்ததும் எங்கே போவதென்று தெரியாமல் நிற்பது எப்படியிருக்கும் என்பதை ஆசிரியரே மாணவராக இருந்து உணர்கிறார். மேரிலாந்தில் 2003 வாக்கில் தொடங்கிய குவாலிட்டி மேட்டர்ஸ் அளவுகோலும் நல்லதுதான். ஆனால் அது பாடம் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அளக்கும், செமஸ்டர் ஓடும்போது நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை அளக்காது. சான்றிதழ் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நிர்வாகமும் நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் அணுகல்தன்மை. அரசுக் கல்லூரிகளின் இணையப் பாடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்று 2024-இல் வந்த விதி, அதற்கான தரத்தையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப்களும் வசன வரி இல்லாத வீடியோக்களும் இனி ஆகாது. இதற்கான பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் முழு வேலையையும் தனியாளாகத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சிகாகோவின் ஜூனியர் கல்லூரி 1956-லேயே டிவியில் பாடம் நடத்தியது. அன்று கேமராவைப் பார்த்துக்கொள்ள ஸ்டுடியோவில் ஆள் இருந்தது. இன்று எடுப்பது, வெட்டி ஒட்டுவது, வசன வரி போடுவது எல்லாம் ஒரே ஆசிரியரின் தலையில் விழுகிறது. உங்கள் கல்லூரியில் என்னைப் போன்ற ஒருவர் இருப்பார். கோப்புகளை அவரிடம் கொடுத்து உதவி கேளுங்கள், அது அவருடைய வேலைதான்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அதே பாடத்தை ஏற்கெனவே ஆன்லைனில் நன்றாக நடத்தும் ஒருவரின் வகுப்பை, மாணவர் விவரங்களை மறைத்து, பார்வையாளராகப் பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் வாரத் தொடக்கத்தில் என்ன அறிவிப்பு போடுகிறார், விவாதத்தில் எந்த இடத்தில் நுழைகிறார் என்று பாருங்கள். உங்கள் வகுப்பு தொடங்கி மூன்றாவது நான்காவது வாரத்தில் அவரை உங்கள் பாடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சரிசெய்தால் அந்த செமஸ்டர் மாணவர்களுக்கே பலன் கிடைக்கும். துறைத் தலைவரிடம் இதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள், செமஸ்டர் தொடங்கிவிட்டால் அவருக்கும் நேரம் இருக்காது.