சிப்பிப்பாறையும் இரண்டாம் மாடியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு வயதில் மகள், முழங்கால் வலியோடு மாமியார், பல வருடமாக எங்களோடு இருக்கும் ஒரு பூனை. கணவர் கொஞ்ச நாளாக வேட்டை நாய் வீடியோக்களிலேயே கிடக்கிறார். சிப்பிப்பாறைக் குட்டி வாங்கியே தீருவேன் என்கிறார். கிடைக்காவிட்டால் வெள்ளை ராஜபாளையமாம். 'நம்ம ஊர் நாய், நோயே வராது, செலவும் வைக்காது' என்பது அவர் வாதம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் நாயே கூடாது என்கிறார். கரிசல் பக்கத்து நாய்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைப் படிப்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கு இந்த நாய் சரிப்படுமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள சகோதரி,

செயலாளர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, பெரும்பான்மையோர் கூடித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பொது இடத்தில் கயிற்றோடு வர வேண்டும், நாய் அசிங்கம் செய்தால் அள்ளிவிட வேண்டும் என்று அவர் கேட்டால் கேட்கட்டும், அது நியாயம்தான்.

மற்றது அவ்வளவு சுலபமில்லை. உங்கள் கணவர் பார்க்கிற வீடியோக்களில் நாய் ஓடுவதைக் காட்டுவார்கள். எதைப் பார்த்து ஓடுகிறது, கூப்பிட்டால் திரும்பியதா என்பதைக் காட்ட மாட்டார்கள். வேட்டை நாய்களில் பீகிள் மாதிரி மூக்கை நம்புகிறவை உண்டு. சிப்பிப்பாறையும் அதற்கு உறவான கன்னி நாயும் கண்ணை நம்புகிறவை. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலில் மரமும் மறைப்பும் குறைவு. முயல் எழுந்தால் வெகுதூரம் தெரியும். அந்த வெட்டவெளிக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த நாய் இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அதைச் செய்யக் கூடாது. ஆனால் சட்டம் வந்தது நாய்க்குத் தெரியாது.

எங்கள் ஊரில் காலையில் நாயோடு வருகிறவர்களைக் கவனித்தால் புரியும். கடுவன் நாய் ஒன்று அக்கம்பக்கம் பார்த்தபடி சோம்பலாக நடந்து வரும். நூறு மீட்டருக்கு அப்பால் வேலிக்காத்தானில் மாட்டிய பிளாஸ்டிக் பை காற்றில் ஒரு தடவை படபடக்கும். நாய் நின்றுவிடும். காது இரண்டும் விறைத்து எழும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும்பும். பக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்றால் அந்த ஒரு நொடிக்குள் கூப்பிட வேண்டும். கிளம்பிய பிறகு கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. பை என்று தெரிந்தபின் அதுவாகவே திரும்பி வரும். பைக்குப் பதில் கோழியாக இருந்தால் கோழிக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும் பூனையாக இருந்தால் லாரி வருவதையும் நாய் பார்க்காது.

இதைப் பயிற்சி கொடுத்து மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் அடக்கலாம், அவ்வளவுதான். மனிதனிடம் கேட்காமல் தானே முடிவெடுத்து ஓடுவதுதான் இந்த நாய்க்கு இருந்த வேலை. அதனால் இந்தக் குணம் மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டே உங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள்.

வீடு சிறியது என்பது ஒரு தடையே இல்லை. இது பாய்ந்து ஓடுகிற சாதி, நாள் முழுக்க ஓடுகிற சாதி இல்லை. காலையில் ஓடி முடித்தால் பகலெல்லாம் படுத்துத் தூங்கும். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் வெறுந்தரையில் முழங்கை எலும்பு உரசிக் காய்த்துப் போகும். நல்ல கனமான மெத்தை ஒன்று போதும், மூலையில் கிடக்கும். உங்களிடம் உண்டா என்று நான் கேட்பது சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானம், பூட்டுப் போடும் கேட்டோடு. தனியார் இடமோ, நண்பர் தோட்டமோ, வாரத்தில் சில நாள் கயிற்றை அவிழ்த்துவிட ஓர் இடம் வேண்டும். மற்ற நேரமெல்லாம் கயிறுதான். அதிலும் சாதாரணக் கழுத்துப்பட்டை போட்டால் உருவிக்கொண்டு போய்விடும். இந்த நாய்க்குத் தலை கழுத்தை விடப் பெரிதாக இருக்காது. இழுத்தால் அளவாக இறுகும் மார்டிங்கேல் பட்டையோ, நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸோ வாங்குங்கள். பால்கனிக்குக் கம்பி அடிக்காமல் குட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். கீழே அணில் ஓடினால் அது உயரத்தை யோசிக்காது.

அப்புறம், காலையில் கூட்டிப்போவது யார்? கடிதத்தில் அதைக் காணோம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் கயிறு மாமியார் கைக்கு வரும் என்பது என் சந்தேகம். கூடாது. முழுதாக வளர்ந்த நாய் ஒரே இழுப்பில் இழுத்தால் நல்ல முழங்கால்காரர்களே தடுமாறுவார்கள். ராஜபாளையம் என்றால் எடையும் சேர்ந்துகொள்ளும். கணவர் தினமும் விடிவதற்குள் எழுந்து ஒரு மணி நேரம் தருவார் என்றால் பேச்சைத் தொடரலாம். மழையிலும் போக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் நீங்கள் போக வேண்டும்.

பூனை விஷயத்தில் நான் கறார். சின்னதிலிருந்து பூனையோடு வளர்ந்த குட்டி பெரும்பாலும் வீட்டுப் பூனையைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளும். அதே பூனை மொட்டை மாடியில் ஓடும்போதும் அந்த மரியாதை இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. முயலுக்குப் பழக்கிய வளர்ந்த நாயைப் பூனை உள்ள வீட்டுக்குக் கொண்டுவருவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. நாய்க்கும் பிள்ளைக்கும் பழக்கம் சொல்லிக்கொடுத்து, பெரியவர் ஒருவர் கூட இருந்தால் போதும். ஆனால் மேலே விழுந்து புரள்கிற, வந்தவர் எல்லோரிடமும் வாலாட்டுகிற லாப்ரடாரை அவள் மனதில் வைத்திருந்தால் ஏமாந்துபோவாள். இது ஒதுங்கி நின்று பார்க்கும் நாய். ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும், விருந்தாளியைக் கண்டால் உள்ளறைக்குப் போய்விடும். தூங்கும்போது தொடக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

'நோயே வராது' என்பதை எந்தக் கால்நடை மருத்துவரிடமாவது சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், சிரிப்பார். பார்வோ வைரஸுக்கு நாட்டு நாய், சீமை நாய் என்ற பேதமில்லை. தடுப்பூசி, வெறிநாய் ஊசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து எல்லாம் இதற்கும் உண்டு. வெயிலைத் தாங்கும், முடி உதிர்வது குறைவு, அது வரை உங்கள் கணவர் சொல்வது சரி. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதனால் ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ கொண்டுபோனால் இது கிரேஹவுண்ட் மாதிரியான உடம்பு என்று மருத்துவருக்கு நினைவுபடுத்துங்கள். அந்த வகை நாய்களுக்குத் தயோபென்டால் போன்ற மயக்க மருந்து தெளியாமல் இழுத்துக்கொண்டே போகும், அவர் வேறு மருந்து பார்ப்பார். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவதுதான் இதற்கு ஆரோக்கியம். 'நாயைப் பட்டினி போடுகிறீர்களா' என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும், தயிர்சாதத்தால் அதைக் கொழுக்க வைக்காதீர்கள்.

ராஜபாளையம் பற்றி ஒன்றே ஒன்று. அந்த வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் பார்க்க அழகுதான். உட்காதுக்குள்ளும் நிறமிச் செல்கள் வேண்டும்; அவை அங்கே இல்லாமல் போகும்போது குட்டி செவிடாகப் பிறக்கிறது. வெள்ளை நாய்களில் இது நடப்பது உண்டு. குட்டி பார்க்கப் போனால் அது பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், திரும்புகிறதா என்று. தரையை மிதித்துச் சத்தம் எழுப்பக் கூடாது, அதிர்வை உணர்ந்து செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். காவலுக்கும் காட்டுப்பன்றிக்கும் வளர்த்த நாய் அது. உங்கள் மாடிக்குச் சிப்பிப்பாறையை விடவும் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, குட்டி வேண்டாம் என்பேன். நீங்கள் இருவரும் வீட்டில் இல்லாத பகலில் ஒரு குட்டியைப் பழக்குவது நடக்காத காரியம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு நாய் மோகம் கூடியது, 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்த இனங்களின் பெயரைச் சொன்னதும் இன்னும் கூடியது. ஆசைக்கு வாங்கி ஆறு மாதத்தில் கைவிட்டவர்களின் நாய்கள் இப்போது காப்பகங்களில் கிடக்கின்றன. அவற்றில் குணம் தெரிந்த, மூன்று நான்கு வயதுப் பெட்டை ஒன்று, பூனையைப் பார்த்தும் சும்மா இருப்பது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரே தடவை போய்ப் பார்த்துவிட்டுக் கூட்டிவராதீர்கள். மகளையும் அழைத்துக்கொண்டு பல தடவை போங்கள்.

கணவர் குட்டிதான் என்று பிடிவாதமாக நின்றால், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு என்று சொல்லுங்கள். படத்தைக் காட்டி முன்பணம் கேட்கிறவனிடம் போகாமல், தாய் நாயை நேரில் காட்டுகிறவரிடம் போகச் சொல்லுங்கள். தாய் மிரண்டு ஒளிந்தால் அந்த வீட்டில் குட்டி எடுக்க வேண்டாம்.