ஆதி கிறிஸ்தவர்கள் நிஜமாகவே ஒருவரையொருவர் அவ்வளவு நேசித்தார்களா?

பிரசங்கத்தில் கேட்டதை வைத்துச் சொன்னால் ஆமாம் என்று முடித்துவிடலாம். "நிஜமாகவே" என்று கேட்டிருப்பதால் கொரிந்து என்ற கிரேக்க நகரத்துச் சபையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கல்யாணம் பைபிளில் அன்பைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். பவுல் அதை மாப்பிள்ளை பெண்ணுக்காக எழுதவில்லை. கி.பி. 54 வாக்கில், எபேசுவில் இருந்துகொண்டு, தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். நான் பவுல் கட்சி, நீ அப்பொல்லோ என்ற இன்னொரு போதகரின் கட்சி என்று கோஷ்டி, சகோதரன்மேல் சகோதரன் வழக்கு, கர்த்தருடைய பந்திக்குக் கூடினால்கூட வசதியுள்ளவன் கொண்டுவந்ததை முந்திச் சாப்பிட்டு வெறித்துக் கிடக்கிறான், இல்லாதவன் பசியோடு இருக்கிறான். இதைச் சொல்லிக் கண்டித்த 11ஆம் அதிகாரத்துக்கு இரண்டு அதிகாரம் தள்ளித்தான் அந்த அன்பு அதிகாரம். பாதி திட்டு என்றே எனக்குப் படும்.

அப்போ எல்லாம் கதையா? அதுவும் இல்லை. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சபையின் காசுப் பெட்டியைப் பற்றி எழுதுகிறார்: மாதம் ஒருமுறை முடிந்தவர் முடிந்ததைப் போடுவார், கட்டாயமில்லை, அது ஏழைகளின் சாப்பாட்டுக்கும் அடக்கச் செலவுக்கும், அநாதைப் பிள்ளைகளுக்கும், கப்பல் உடைந்து தவிப்பவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கத்தில் கிடப்பவர்களுக்கும் போகும். சரி, அவர் தன் ஆட்களுக்காக வாதாடுகிறவர், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் நம்புவது லூசியனை. இரண்டாம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர், கிறிஸ்தவர்களைக் கண்டால் சிரிப்பவர். பெரெகிரினஸ் என்ற ஒரு எத்தன் அவர்களிடம் சேர்ந்து சிறைக்குப் போன கதையைச் சொல்கிறார். விடியற்காலையிலேயே விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் வந்து காத்திருக்கிறார்கள், சபைப் பெரியவர்கள் காவலாளிக்குக் கைக்கூலி கொடுத்து அவனோடு உள்ளேயே படுத்துக்கொள்கிறார்கள், வகை வகையாகச் சாப்பாடு போகிறது, ஆசியா என்ற ரோம மாகாணத்தின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) ஊர்களிலிருந்துகூட சபைச் செலவில் ஆள் வருகிறது. ஆசாமி நல்ல காசு பார்த்துவிட்டான். இவர்கள் சாவே கிடையாது என்று நம்புகிறவர்கள், அதனால் சொத்தும் பெரிதில்லை, எல்லோரும் சகோதரர்கள் என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார்கள், இந்த அப்பாவிகளை எவனும் ஏமாற்றலாம் என்பது அவர் கேலி. எதிராளி வாயிலிருந்து வருகிற இந்தச் சாட்சிக்கு மேல் என்ன வேண்டும்?

ஏமாந்தது அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. திதாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூலில், ஊருக்கு வரும் ஊழியக்காரனை ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள் என்று சொன்ன கையோடு இன்னொன்றும் இருக்கிறது: ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு, மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் கள்ளத்தீர்க்கதரிசி, கிளம்பும்போது அப்பம் கொடு, பணம் கேட்டால் அவனும் கள்ளன். யாரோ நன்றாகப் பட்டிருக்கிறார்கள்.