வக்கீல் குடும்பத்தில் பிறக்காதவர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்கிறார். எங்கள் சொந்தத்தில் வக்கீல் யாருமே கிடையாது. எனக்கு வக்கீலாக ஆசை. இங்கிலீஷ் பேச வராத பெண் கோர்ட்டில் என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகப் படிக்கலாம் தங்கச்சி. டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருட எல்எல்.பி. இருக்கிறது. நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் டிகிரி மார்க்கை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், அது திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, இங்கிலீஷுக்கு வருவோம். உயர் நீதிமன்றத்தில் இங்கிலீஷ்தான். அரசியல் சாசனத்தின் 348வது பிரிவு அப்படிச் சொல்கிறது, சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழும் வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006லேயே தீர்மானம் போட்டும் இன்னும் வரவில்லை, அது எனக்குத் தீராத வருத்தம். ஆனால் நீங்கள் தொழிலைத் தொடங்கப்போவது முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும். அங்கே சாட்சி தமிழில்தான் பேசுவார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான் நடக்கும். ஒரு சிவில் கேஸ் கட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், எல்லாம் தமிழ். வரப்பு யாருடையது, வாய்க்காலில் யாருக்கு முறைத்தண்ணீர், களத்துமேட்டுக்கு எந்த வழியாக வண்டி போகும் என்பதெல்லாம் குத்தகை விவசாயி மகளுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியது இல்லை. நகரத்தில் வளர்ந்த ஜூனியர்கள் பத்திரத்தில் நான்கெல்லை படித்துவிட்டு நிலத்தை மனதில் வரைய முடியாமல் திணறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் அவர்களுக்கு முன்னால் நிற்பீர்கள்.

அதற்காக இங்கிலீஷை விட்டுவிடச் சொல்லவில்லை, சட்டத்தையும் தீர்ப்புகளையும் படிக்கிற அளவுக்கு அது கட்டாயம் வேண்டும், பேசுவது அப்புறம் தானாக வரும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. வாரத்துக்கு ஒரு தீர்ப்பை எடுத்து, இங்கிலீஷையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்தி பத்தியாகப் படியுங்கள். முதல் தீர்ப்புக்கு வாரம் முழுக்கத் தேவைப்படும். இருபதாவது தீர்ப்புக்கு வரும்போது தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது குறைந்திருக்கும்.

கேள்வி: எனக்கு 38 வயது. பதினைந்து வருடமாக வக்கீல் குமாஸ்தா. பத்தாவதுக்குப் பிறகு +2 போகாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தேன். வகுப்புக்குப் போகாமலே வெளி மாநிலத்தில் எல்எல்.பி. வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கட்டலாமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: கட்டாதீர்கள். வயது இங்கே பிரச்சினை இல்லை, +2 இல்லாததுதான் பிரச்சினை. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் வருட விதிகள்படி பத்தாவது, +2, அதற்குப் பிறகு டிகிரி என்ற வரிசை வேண்டும். +2 முடித்துவிட்டு டிகிரியைத் தபால்வழியில் படித்திருந்தால்கூட ஏற்றுக்கொள்வார்கள், +2வைத் தாண்டி நேராக வாங்கிய டிகிரியை ஏற்க மாட்டார்கள். எல்எல்.பி.க்கோ தபால்வழியே கிடையாது, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வகுப்புக்கே போகாமல் வாங்கிய பட்டத்தை நம்பி என்ரோல்மெண்டுக்கு, அதாவது வக்கீலாகப் பதிவு செய்யப் போனால் பணத்தோடு பெயரும் போகும், உங்கள் வேலையில் பெயர்தான் சொத்து. இப்போதே +2 எழுதுங்கள், பிறகு மறுபடி ஒரு டிகிரி. வருடக்கணக்கில் ஆகும், தெரிந்துதான் சொல்கிறேன். ஃபைலிங்கும் நகல் மனுவும் கைப்பழக்கமான ஒருவர் கவுன் போட்டு வந்து நின்றால் எந்த கோர்ட்டுக்கும் அது நல்லதுதான்.

கேள்வி: மகள் சட்டம் கடைசி வருடம். படித்து முடித்ததும் வீட்டிலேயே இருந்து சிவில் ஜட்ஜ் தேர்வுக்குத் தயாராகட்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்று நினைக்கிறோம். சரிதானே?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது அம்மா. குறைந்தது மூன்று வருடம் வக்கீலாகப் பயிற்சி இருந்தால்தான் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடுதான். ஒரு வாய்தாவுக்காக வயதானவர்கள் இரண்டு பஸ் மாறி வந்து காத்துக் கிடப்பதைக் கூடவே நின்று பார்க்காதவர், மேலே உட்கார்ந்து சுலபமாகத் தேதி தள்ளிவிடுவார்.

முடித்தவுடன் என்ரோல் செய்யச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வக்கீல் தொழில் செய்வதற்கான அகில இந்திய பார் தேர்வை, என்ரோல் செய்த இரண்டு வருடத்துக்குள் எழுதித் தேற வேண்டும்.

பணம்தான் கஷ்டமான பேச்சு. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா ஆபீஸிலும் இது நடக்கவில்லை. நான் சேர்ந்த முதல் ஆபீஸில் எட்டு மாதம் பஸ் காசுகூடக் கிடைக்கவில்லை, கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, அது தப்பு. உங்கள் மகள் சேரும் நாளிலேயே மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும். சீனியர் எவ்வளவு பிரபலம் என்பதைவிட, அங்கே ஏற்கனவே இருக்கும் ஜூனியர்களைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்: வந்த ஒரு வருடத்தில் சாட்சி விசாரிக்க விட்டாரா, பிராது எழுத விட்டுத் திருத்திக் கொடுத்தாரா, பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். வெறும் கட்டுத் தூக்கவும் வாய்தா வாங்கவும் மட்டும் அனுப்புகிற ஆபீஸ் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம், சீனியர் மாறுவது துரோகம் இல்லை. தேர்வுக்குப் படிப்பதைக் காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். காலையில் படித்த பிரிவின்மேல் பகலில் வாதம் நடப்பதைப் பார்த்துவிட்டால் அது மறக்காது.