புதிதாக அசெம்பிள் செய்த கணினி அடிக்கடி ஹேங் ஆகிறது: எந்தப் பாகத்தை மாற்றுவது?

நீங்கள் சொல்வது இதுதான்: எல்லாப் பாகங்களும் புதியவை, நீங்களே பூட்டினீர்கள், விண்டோஸும் சிக்கலில்லாமல் நிறுவியாகிவிட்டது. ஆனால் சில நேரம் சற்று நேரத்திலேயே, சில நேரம் வெகு நேரம் ஓடிய பிறகு, திரை அப்படியே நின்றுவிடுகிறது. நீலத்திரை வருவதில்லை, பிழைச்செய்தி எதுவும் இல்லை, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. விண்டோஸை மறுபடி நிறுவியும் மாற்றமில்லை. அடுத்து மதர்போர்டை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கணினி பூட்டிக் கொடுத்துவருகிறேன். புதுக் கணினி ஹேங் ஆவதற்குப் பாகம் பழுதாக இருப்பதைவிட, நல்ல பாகம் தன்னால் முடியாத வேகத்தில் ஓட்டப்படுவதையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் அது எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்.

அடுத்த முறை நின்றவுடன் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறினால் விண்டோஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம் மட்டும் நின்றிருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். படம் திரும்பி வந்தால் தேட வேண்டியது கிராபிக்ஸ் கார்டையும் அதன் டிரைவரையும். மௌஸ் நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறப்பதில்லை, கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் மொத்தமாகத் திறக்கிறது என்றால் எஸ்எஸ்டி மேல் சந்தேகம். விளக்கும் மாறவில்லை, மௌஸும் அசையவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே துண்டில் சிக்கி இரைகிறது என்றால் ரேம், பிராசஸர், மதர்போர்டு, பவர் சப்ளை இந்த நான்கில் ஒன்று. உங்கள் விவரிப்பு இந்தக் கடைசி வகையோடுதான் பொருந்துகிறது.

மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, நின்ற நேரத்துக்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கெர்னல் பவர் 41 என்ற பதிவு கண்டிப்பாக இருக்கும். அதைப் பார்த்தவுடன் பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். கணினி முறைப்படி அணையாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்தப் பதிவு ஒன்றும் சொல்வதில்லை. நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதேதான் வரும். டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர் என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அது உருப்படியான துப்பு, வன்பொருளே புகார் சொல்லியிருக்கிறது என்று பொருள். 129 அல்லது 153 என்ற எண்ணில் வந்தால் எஸ்எஸ்டி நேரத்துக்குப் பதில் தரவில்லை.

சரி, இப்போது ரேம். இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கச் சொல்வேன். பெட்டியில் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேமை மாட்டினால் அது தானாக 6000-இல் ஓடாது, பெரும்பாலும் 4800-இல்தான் தொடங்கும். பயாஸில், அதாவது மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளில், எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் அந்த வேகம் வரும். அப்படிச் செய்வது ஓவர்கிளாக்கிங், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரேமின் மின்னழுத்தமே 1.1 வோல்ட்டிலிருந்து 1.35 வரை ஏறுவது வழக்கம். ரேமால் அது முடிந்தாலும், உங்கள் பிராசஸருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கண்ட்ரோலராலும் முடிய வேண்டும். உதாரணமாக ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அறிவித்திருக்கும் வேகம் இரண்டு ரேம் துண்டுகளோடு 5200, நான்கு துண்டுகளோடு வெறும் 3600. நான்கு இடத்தையும் நிரப்பிவிட்டு 6000 கேட்டால் தடுமாறத்தான் செய்யும்.

என் அண்ணன் மகளின் கணினியில் இதுதான் நடந்தது. இரண்டு துண்டுகளோடு நன்றாக ஓடியது. பிறகு அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிப் போட்டாள், வீடியோ எடிட் செய்யும்போதெல்லாம் நின்றது. லேபிள் ஒன்றாக இருந்தாலும் தனித்தனியாக வாங்கிய ஜோடிகள் ஒன்றாக ஓடும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருவதில்லை, உள்ளே இருக்கும் சிப்புகளே வேறாக இருக்கலாம். கூடுதல் ஜோடியைக் கழற்றியதும் நின்றுபோவது ஓய்ந்தது.

ஆகவே முதல் வேலையாக பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை அணைத்துவிட்டு வழக்கமாகச் செய்வதையே செய்து பாருங்கள். ஹேங் ஆகவில்லை என்றால் காரணம் பிடிபட்டுவிட்டது, ஒரு படி குறைந்த வேகத்தை வைத்துக்கொள்ளலாம். அப்போதும் நின்றால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், ஆயிரத்தில் ஒன்று பரவாயில்லை என்ற பேச்சே ரேமில் கிடையாது. பிழை வந்தால் ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சோதியுங்கள். ஒரே துண்டு எந்த இடத்தில் மாட்டினாலும் பிழை காட்டினால் ரேம் பழுது. எந்தத் துண்டை மாட்டினாலும் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பிழை வந்தால் ரேமை விட்டுவிட்டு, பிராசஸர் சாக்கெட்டில் ஊசி ஏதாவது வளைந்திருக்கிறதா, கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு துண்டுகளை மாட்டும்போது பொதுவாக பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்ட வேண்டும். மதர்போர்டு கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும்.

அப்புறம் பயாஸ். கடையில் மாதக்கணக்கில் கிடந்த மதர்போர்டில் பழைய பதிப்புதான் இருக்கும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி காரணமாக அவ்வப்போது எல்லாம் ஒரு கணம் திக்கித் திக்கி ஓடியதை அந்த நிறுவனமே 2022-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத்தான் சரிசெய்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி நிலையற்றுப்போன சிக்கலுக்கு ஆகஸ்ட் 2024 முதல் வந்த மைக்ரோகோடும் (பிராசஸருக்கு உள்ளேயே ஓடும் குறியீட்டுத் திருத்தம்) பயாஸ் வழியாகவே வந்தது. உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசஸரை மைக்ரோகோடு குணப்படுத்தாது. பயாஸை எக்ஸ்.எம்.பி. அணைத்த நிலையில், மின்சாரம் போகாது என்று உறுதியான நேரத்தில் புதுப்பியுங்கள்.

விளையாடும்போது ஒன்றும் ஆகாமல் சும்மா விட்டால் மட்டும் நிற்கிறதா? ரைசன் என்றால் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கும், அதை டிபிக்கல் கரண்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். நேர்மாறாக, விளையாடும்போது மட்டும் நின்றால் கிராபிக்ஸ் கார்டுக்கான மின்கேபிள் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். வேறு பவர் சப்ளையோடு வந்த, தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் கேபிளை மட்டும் இதில் சொருகிவிடாதீர்கள், முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறாக இருந்து பாகங்களை எரித்துவிடும்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடானால் இன்றைய பிராசஸர்கள் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு மொத்தமாக அணையும், நடுவில் உறைந்து நிற்பது அரிது. ஆனாலும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்கிறது என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸ் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அதிலும் உறைந்தால் விண்டோஸும் அதன் டிரைவர்களும் எஸ்எஸ்டியும் சந்தேகத்திலிருந்து ஒரே அடியாக விலகிவிடும். உறையாவிட்டால் தேடல் அந்த மூன்றுக்குள் சுருங்கிவிடும். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியோடு குறித்து வையுங்கள்.

பழுதான பாகம் எது என்று தெரிந்தவுடன் வாரண்டியில் கேளுங்கள். மெம்டெஸ்ட்86 திரையின் படமும் நீங்கள் குறித்து வைத்ததும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். எக்ஸ்.எம்.பி. இல்லாமலே பிழை வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரேம் என்றால் ஒரு துண்டை மட்டும் அனுப்ப வேண்டாம், ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே மாற்றித் தரச் சொல்லுங்கள்.