பாஸ்கமும் ப்ளூமென்ஸ்டைனும்: ஒரு காமிக்ஸ் வாசகருக்குப் பதில்

அன்புள்ள சார்,

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். பள்ளி நாட்களில் கேப்டன் டைகர் காமிக்ஸான 'தங்கக் கல்லறை' படித்ததில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. சிவகாசியில் வரும் தமிழ் காமிக்ஸ் எதையும் தவற விடுவதில்லை. போதாமல் ஆங்கிலத்தில் கிடைக்கும் பெல்ஜிய, பிரெஞ்சு ஆல்பங்களையும் தேடி வாங்குகிறேன். அந்த வழியில் அமெரிக்க உள்நாட்டுப் போர், உலகப் போர் என்று வரலாற்றுப் புத்தகங்களும் அலமாரியில் சேர்ந்துவிட்டன. என் மைத்துனர் வரலாற்று ஆசிரியர். "பொம்மை பார்த்துச் சரித்திரம் படிக்கிறார் மாமா" என்று வீட்டில் எல்லோர் முன்பும் சிரிக்கிறார். இதையெல்லாம் பேச எனக்கு வாட்ஸ்அப்பில் இருபது பேர் இருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் எந்தக் கட்டம் மாறியது என்று நள்ளிரவு வரை வாதம் நடக்கும். இதனால் யாருக்கு என்ன பயன் என்று சில நாள் எனக்கே தோன்றுகிறது. காமிக்ஸில் வரும் வரலாற்றை நம்பலாமா? அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம்: காமிக்ஸ் கௌபாய் லக்கி லூக் வாயில் சில கதைகளில் சிகரெட், சிலவற்றில் புல். ஏன்?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி சரி. காமிக்ஸை நம்பிப் பரீட்சை எழுதினால் ஃபெயில்தான். உங்கள் கேப்டன் டைகரையே எடுத்துக்கொள்வோம். அசல் பெயர் ப்ளூபெர்ரி. 1963 அக்டோபரில் 'பிலோத்' என்ற பிரெஞ்சு வார இதழில் தொடங்கிய முதல் கதையில் ஒரு சிறுவன் கடத்தப்படுகிறான். பழி அப்பாச்சிகள் என்ற செவ்விந்தியப் பழங்குடி மேல் விழுகிறது. பாஸ்கம் என்ற ராணுவ அதிகாரி அவர்களுடைய தலைவர் கொச்சீஸைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, வந்த இடத்தில் பிடிக்கப் பார்க்கிறான். அரிசோனாவில் 1861 தொடக்கத்தில் நிஜமாகவே இது நடந்தது. பையனைத் தூக்கியது கொச்சீஸின் ஆட்கள் இல்லை. ஆனாலும் பாஸ்கம் பிடிவாதமாக நின்றார். கொச்சீஸ் கூடாரத்துணியைக் கத்தியால் கிழித்துக்கொண்டு தப்பினார். அதிலிருந்து மூண்ட பகை பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

சரி, கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? ப்ளூபெர்ரி உள்நாட்டுப் போரைப் பார்த்துவிட்டு வருகிறவர். நிஜ பாஸ்கமோ அந்தப் போரில், 1862 பிப்ரவரியில், வால்வெர்டே என்ற இடத்தில் செத்துவிட்டார். கதாசிரியர் ஷார்லியே செத்தவரை எழுப்பி, லெப்டினன்டை மேஜராக்கிப் பதவி உயர்வும் கொடுத்திருக்கிறார். மைத்துனரிடம் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அவர் வாயடைத்துப் போவார்.

சொன்ன பிறகு அவரிடம் வேறொரு கேள்வி கேளுங்கள். 1963இல் பிரெஞ்சுப் பையன்கள் படிக்கும் இதழில், ராணுவ அதிகாரி வாக்குத் தவறுகிறவனாகவும் அப்பாச்சித் தலைவர் நியாயம் உள்ளவராகவும் எப்படி வந்தார்கள்? பிரான்ஸ் தன் காலனியோடு நடத்திய அல்ஜீரியப் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஓவியர் ழான் ஜிரோ தன் ராணுவச் சேவையில் ஒரு பகுதியை அல்ஜீரியாவில் கழித்தவர். ஷார்லியே அல்ஜீரியாவை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சாதிக்கவில்லை. ஹாலிவுட்டிலும் அப்போது காற்று மாறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இதழை வாங்கிப் படித்த வீடுகள் பலவற்றில் அண்ணனோ மாமாவோ அங்கே போய் வந்திருப்பார்கள். நான் காமிக்ஸில் வரலாறு தேடுவது இந்த இடத்தில்தான். கதை நடக்கும் ஆண்டைப் பற்றி அது தப்பாகச் சொல்லலாம். வரையப்பட்ட ஆண்டை அதனால் மறைக்க முடியாது.

இதற்கு டின்டினைவிட நல்ல சாட்சி கிடையாது. 1940இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தபின், ஜெர்மானியக் கட்டுப்பாட்டில் வந்த 'லு சுவார்' நாளிதழில் டின்டினின் ஓவியர் ஹெர்ஜே வரையத் தொடங்கினார். காகிதத் தட்டுப்பாடு வந்தது. இடம் சுருங்கிச் சுருங்கி, 1941 செப்டம்பரில் கதை தினம் ஒரு சிறு பட்டையாகிவிட்டது. அடுத்த மாதம் தொடங்கியதுதான் விண்கல் ஒன்றைத் தேடிக் கப்பல்கள் போட்டியிடும் கதை. எதிரிக் கப்பலில் அமெரிக்கக் கொடி. அதற்குப் பணம் போட்டவன் நியூயார்க்கின் வங்கிக்காரன், ப்ளூமென்ஸ்டைன் என்ற யூதப் பெயர், மூக்கும் அதற்கேற்ற மூக்கு. பெல்ஜியத்து யூதர்கள் வேலையும் கடையும் பறிபோய் நின்ற மாதங்களில் வந்த தொடர் இது. பத்திரிகையில் வந்த யூதக் கேலிப் படம் ஒன்று ஆல்பத்துக்குப் போகவில்லை. போருக்குப்பின் அமெரிக்கக் கொடி போய், 'சாவோ ரிக்கோ' என்று இல்லாத ஒரு நாட்டின் கொடி வந்தது. ப்ளூமென்ஸ்டைன், போல்விங்கல் ஆனான்.

1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுதலையானதும், ஜெர்மானியர் கையில் இருந்த இதழில் வரைந்ததற்காக ஹெர்ஜேயைக் கைது செய்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவருக்குக் கைகொடுத்து, 1946 செப்டம்பர் 26 அன்று 'டின்டின்' வார இதழைத் தொடங்கியவர் ரேமோன் லெப்லாங். லெப்லாங்கோ ஜெர்மானியருக்கு எதிரான ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்! இதை நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

அதே ஆண்டுகளில் 'ஸ்பிரூ' இதழின் கதை வேறு. ஷார்லெருவா பக்கம் மார்சினெல்லில் அச்சிடும் துப்புயி குடும்பத்தின் இதழ் அது. ஜெர்மானிய நிர்வாகி ஒருவரை ஏற்க மறுத்ததால் 1943 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் அதை நிறுத்தினார்கள். அதன் ஆசிரியர் ழான் துவாசி கம்யூனிஸ்ட், எதிர்ப்பு இயக்கக்காரர். 1938இலிருந்தே ஸ்பிரூவுக்கு வாசகர் மன்றம் இருந்தது. உறுப்பினர் எண், ஒழுக்க விதிகள், ரகசியச் சங்கேத எழுத்து என்று பையன்களுக்குப் பிடித்த எல்லாம் அதில் உண்டு. இதழ் நின்றதும் அதன் நாயகனான சிறுவன் ஸ்பிரூ பொம்மலாட்டமாக ஊர் ஊராகப் போனான். உங்கள் இருபது பேர் அந்த வம்சத்தில் வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது பேரால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் இருக்கிறது. 1961 ஜூலையில் 'ஃபிக்சியோன்' என்ற பிரெஞ்சு அறிவியல் புனைகதை இதழில், சிறுவயதில் தான் படித்த 1930களின் படக்கதைகளைப் பற்றி பியேர் ஸ்த்ரினாதி ஒரு கட்டுரை எழுதினார். ஜெனீவாக்காரர், குகைகளில் வாழும் உயிரினங்களை ஆராய்கிறவர். அந்தக் கட்டுரைக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. தன்னைப் போல இன்னொருவன் இருப்பதே தெரியாமல் அதுவரை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பழைய இதழ்களைப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார்கள். 1962இல் அது ஒரு சங்கமானது. திரைப்பட இயக்குநர் அலேன் ரெனே, எழுத்தாளர் ஃபிரான்சிஸ் லக்காசின், ஓவியர் ழான் க்ளோத் ஃபோரே எல்லாம் அதில் உண்டு. 'ஜிஃப்-விஃப்' என்று ஒரு செய்தி மடல் போட்டார்கள். அதில் நடந்ததும் நீங்கள் நள்ளிரவில் செய்வதுதான்: எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் வெட்டப்பட்டது.

சங்கம் என்றால் சண்டை இல்லாமலா? 1964இல் உடைந்தது. பிரிந்து போனவர்கள் 1967இல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் படக்கதைக் கண்காட்சியே வைத்துவிட்டார்கள். 1974இல் பிரான்சின் அங்கூலேம் நகரில் காமிக்ஸ் விழா வந்தது. இன்று பிரான்சில் பேராசிரியர்கள் காமிக்ஸ் பற்றி ஆய்வு நடத்துகிறார்களே, அந்தப் பாதையின் முதல் சில கல்லைப் போட்டது இந்த அமெச்சூர் கூட்டம். ஆகவே உங்கள் குழு உடைந்தாலும் கவலைப்படாதீர்கள், யாராவது ஒரு பாதி உருப்படியாக ஏதாவது செய்யும்.

பதிப்புக்குப் பதிப்பு கட்டங்கள் மாறியதற்கு 1949 ஜூலை 16 அன்று பிரான்சில் வந்த சிறுவர் வெளியீடுகள் சட்டமும் பெரிய காரணம். அமெரிக்கக் காமிக்ஸ் உள்ளே வரக்கூடாது என்பதில் கத்தோலிக்கர்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான சட்டம் அது. கொள்ளை, பொய், சோம்பல், கோழைத்தனம் எதையும் நல்லவிதமாகக் காட்டக் கூடாது. பெல்ஜியப் பதிப்பாளர்களுக்குப் பெரிய சந்தை பிரான்ஸ் என்பதால் அவர்களும் பயந்து பயந்து வரைந்தார்கள். லக்கி லூக் ஆல்பத்தில் கைக்குழந்தை பில்லி த கிட் துப்பாக்கியைச் சப்பும் காட்சி இதனால்தான் போனது. அந்தக் காலத்துச் சாகசக் கதைகளில் பெண்களே கண்ணில் படாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெண்ணை வரைந்தாலே வம்பு என்று ஒதுங்கிவிட்டார்கள்.

அடுத்து என்ன படிக்க? போர் பற்றி என்றால் ழாக் தார்தியின் முதல் உலகப் போர் ஆல்பங்கள் கட்டாயம். வீரன் யாரும் கிடையாது; சேறும் பயமும்தான். அப்புறம் எமீல் பிராவோ 2018 முதல் 2022 வரை நான்கு பாகமாக வரைந்த ஸ்பிரூ கதை. ஆக்கிரமிப்புக் கால பிரஸ்ஸல்ஸில் பசியும் குழப்பமுமாக ஸ்பிரூ அலைகிறான். அவனுக்கு நண்பராக வரும் ஓவியர் ஃபெலிக்ஸ் நுஸ்பாம் நிஜ மனிதர், 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். ஹெர்ஜேயின் விண்கல் கதையை முதலில் படித்துவிட்டு இதைப் படியுங்கள். ஒரே ஊர், ஒரே வருடங்கள். மைத்துனருக்கும் ஒரு செட் வாங்கிக் கொடுக்கலாம், பிறந்தநாள் ஏதாவது வந்தால்.

சிகரெட் விஷயம்: ஓவியர் மோரிஸ் 1983இல் லூக்கின் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்துவிட்டுப் புல்லைக் கொடுத்தார். அதற்காக 1988இல் உலக சுகாதார நிறுவனம் அவருக்கு விருதும் கொடுத்தது. புல்லோடு இருந்தால் அது 1983ஆம் ஆண்டுக்கோ அதற்குப் பிறகுக்கோ உரிய கதை.